தொட்டி மூச்சுவிட வேண்டும், தண்ணீர் சிந்தக் கூடாது
பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

வண்டியில் ஏற்றிய தண்ணீர்த் தொட்டியின் காற்றுவழியைப் பற்றி வந்துள்ள ஐந்து கடிதங்களை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான விடை நீளமானது. மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் விடைக்குச் செல்வது நல்லது.

கேள்வி: ஐயா, வணக்கம். திருப்பூரில் சுத்திகரித்த குடிநீரைத் தெருத்தெருவாக விற்கிறேன். சிறிய சரக்கு வண்டியின் பின்புறத்தில் 750 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் படுக்கை வாட்டத்தில் வைத்திருக்கிறேன். நீளம் ஒன்றரை மீட்டர். மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்காக நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளும் பம்பு ஒன்றைப் பொருத்திய முதல் வாரத்திலேயே தொட்டியின் பக்கச் சுவர் உள்ளே ஒடுங்கிவிட்டது. மூடியில் ஆணியைக் காய்ச்சி ஓர் ஓட்டை போட்டேன். ஒடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. பிறகு முன்பக்கமாகக் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டேன். இப்போது தொட்டி ஒடுங்கவில்லை. ஆனால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடித்து, பக்கத்தில் வரும் இருசக்கர வாகனக்காரர்களோடு சண்டையாகிவிடுகிறது. துணியைச் சுருட்டி அடைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். எடுக்க மறந்தால் மறுபடியும் ஒடுங்குகிறது. நிரந்தர வழி சொல்லுங்கள்.
– தண்ணீர் வண்டிக்காரர், திருப்பூர்

பதில்: உங்கள் தொட்டிக்கு வந்திருப்பது மளிகைக் கடைக்காரர் அறியாத நோயன்று. எண்ணெய் டின்னில் ஒரு மூலையில் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வருமேயொழிய ஒழுங்காக இறங்காது என்பதால், எதிர்மூலையில் இன்னோர் ஓட்டையையும் போட்ட பிறகே அவர் டின்னைச் சாய்ப்பார். ஒரு லிட்டர் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழியில்லாத தொட்டியிலிருந்து பம்பு விடாமல் இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று சுவரைத் தள்ளுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10,000 கிலோ. உள்ளுக்கும் வெளிக்கும் அதில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலே சதுர மீட்டருக்கு 500 கிலோ சுமை சுவரின்மேல் ஏறிவிடும். வீட்டு மாடியில் அசையாமல் நிற்பதற்காக வார்க்கப்பட்ட பிளாஸ்டிக் தொட்டி உள்ளிருந்து வரும் தண்ணீரின் தள்ளலைத் தாங்குமே தவிர, வெளியிலிருந்து வரும் இந்தத் தள்ளலைத் தாங்காது.

ஆணி ஓட்டை ஏன் போதவில்லை என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்பது நொடிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு காற்று 3 மில்லிமீட்டர் ஓட்டை வழியே நுழைய வேண்டுமானால் அது நொடிக்கு 90 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வர வேண்டும். அந்த வேகத்தை உண்டாக்கச் சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவை ஒட்டிய உறிஞ்சல் தேவைப்படும். அதே காற்று 12 மில்லிமீட்டர் துளை வழியே வந்தால் நொடிக்கு 6 மீட்டர் வேகம் போதும், உறிஞ்சலும் சதுர மீட்டருக்குச் சில கிலோவோடு முடிந்துவிடும். விட்டம் நான்கு மடங்குதான் கூடுகிறது, ஆனால் சுவரின் சுமை நூற்றுக்கணக்கான மடங்கு குறைகிறது. ஆகவே காற்றுக்கு 12 மில்லிமீட்டர் தாராளம். கட்டைவிரல் அளவுத் துளைக்குத் தேவையே இல்லை.

இனி, தண்ணீர் ஏன் பீய்ச்சுகிறது என்பதைப் பார்ப்போம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை 12, 13 மீட்டருக்குள் நிறுத்தினால், அந்த இரண்டு நொடிகளுக்குத் தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரின் மேற்பரப்பு மட்டமாக இருக்காது. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் முன்னோக்கி ஏறி நிற்க முயலும். ஒன்றரை மீட்டர் நீளத் தொட்டியில், நடுவிலிருந்து முன்சுவர் வரையுள்ள 75 சென்டிமீட்டருக்குத் தண்ணீர் 37 சென்டிமீட்டர் உயரும், பின்சுவரில் அதே அளவு இறங்கும். நீங்கள் துளை போட்டிருப்பது சரியாக அது உயரும் முன்பக்கத்தில். பின்பக்கத்தில் போட்டிருந்தாலும் தப்பியிருக்க மாட்டீர்கள். அப்போது வண்டி கிளம்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் கொட்டியிருக்கும். மட்டம் கூடாமலும் குறையாமலும் இருக்கும் இடம், ஏற்றப்பலகையின் அச்சைப் போல, தொட்டியின் நட்டநடு மேற்பகுதி ஒன்றுதான். காற்றுவழியை அங்கே வைக்க வேண்டும்.

நடுவில் வைத்தாலும் வேலை முழுதாக முடிந்துவிடாது. நிறைகுடம் தளும்பாது என்பது தலையில் சுமக்கும் குடத்துக்குப் பொருந்தும், மூடிய தொட்டிக்குப் பாதிதான் பொருந்தும். விளிம்பு வரை நிறைந்த தொட்டியில் எஞ்சியிருக்கும் கொஞ்சக் காற்று, பிரேக் பிடித்தவுடன் பின்மூலைக்கு ஓடிவிடுகிறது. நடுத்துளைக்கு நேர் கீழே தண்ணீர்தான் நிற்கும், அதுவும் 37 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேலே தள்ளும் அழுத்தத்தோடு. இதற்காகத்தான் சிலர் துளையின்மேல் இரண்டு அடி உயரக் குழாயை நட்டு, மேல்முனையைக் கைத்தடிபோல வளைத்துவிடுகிறார்கள். அது தவறன்று, ஆனால் உயர்ந்த ஒல்லிக் குழாய் ஆடும், ஆட ஆட அடியிலுள்ள பொருத்து தளரும், பிறகு கசிவு அங்கேயே தொடங்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. ஒரே அழுத்தத்தில் ஒரே துளை வழியே காற்று போகும் வேகத்தில் 28-இல் ஒரு பங்குதான் தண்ணீருக்குக் கிடைக்கும். ஆகவே வாசல் குறுகலாகவும் அதற்கு மேல் உள்ள அறை அகலமாகவும் இருந்தால், காற்று தடையின்றிப் போய்வரும், தண்ணீரோ அறையை நிரப்புவதற்குள் பிரேக் பிடித்து முடிந்திருக்கும். 40 சென்டிமீட்டர் அழுத்தத்தில் 12 மில்லிமீட்டர் வாசல் வழியே ஒரு நொடிக்கு ஏறத்தாழ 190 மில்லிலிட்டர் தண்ணீர் ஏறும். அதற்கு மேல் 3 அங்குலக் குழாய் நின்றால், அதில் நொடிக்கு 5 சென்டிமீட்டர் மட்டம்தான் உயரும். இரண்டேகால் நொடிப் பிரேக்குக்கு 11, 12 சென்டிமீட்டர். ஓர் அடி உயர அறை அதைத் தாராளமாக வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி நின்றதும் திரும்பத் தொட்டிக்கே விட்டுவிடும்.

இதைச் செய்யும் முறை: தொட்டியின் நடு மேற்பகுதியில் அரை அங்குல டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரின் துளையில் நட்டுப் போட்டு முடுக்கும் குழாய்த் துண்டு) ஒன்றைப் பொருத்துங்கள், அதன் உள்விட்டம்தான் நமது குறுகிய வாசல். அதன்மேல் ரெடியூசர்களை (சிறிய குழாயைப் பெரிய குழாயோடு இணைக்கும் துண்டுகளை) வைத்து 3 அங்குலத்துக்கு அகலப்படுத்தி, ஓர் அடி நீளக் குழாயை நிறுத்துங்கள். மேலே எண்ட் கேப் என்னும் மூடி, அதில் ஒரு துளை, துளையில் கீழ்நோக்கிய எல்போ என்னும் வளைவுத் துண்டு, எல்போவின் வாயில் துருப்பிடிக்காத கம்பிவலை. குழாயைத் தொட்டியை இறுக்கியிருக்கும் இரும்புச் சட்டத்தோடு ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டிவிட்டால், நிப்பிளின்மேல் பாரம் விழாது. ரெடியூசர் கூம்பு வடிவில் இருப்பதால் ஏறிய தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும். குடிநீர் என்பதால் குடிநீருக்கான பி.வி.சி. குழாயையே வாங்குங்கள், வீட்டில் மீந்து கிடக்கும் மின்கம்பிக் குழாயை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். பழைய ஆணி ஓட்டையைத் துருப்பிடிக்காத போல்ட்டும் இரண்டு ரப்பர் வாஷரும் வைத்து முடுக்கி அடைக்கலாம். கட்டைவிரல் துளைக்கு ஒரு நிப்பிளும் அதன் வாயை அடைக்கும் டம்மி பிளக்கும் சரியாக வரும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். இந்தக் காற்றுவழி காற்றுக்கு மட்டுமே. நிரப்பும்போது மிகுந்து வரும் தண்ணீரும் இதன் வழியாகவே போகட்டும் என்று விட்டுவிடுவதுதான், நான் பார்த்த பெரும்பாலான தொட்டிகள் மேற்புறம் விரிந்து கசிந்ததற்குக் காரணம். மூடியை இறுக்கிவிட்டுத் தடித்த குழாயால் வேகமாக நிரப்பினால், தொட்டி நிறைந்த அந்தக் கணத்தில் தண்ணீர் காற்றுக்குழாயில் ஏறும்; ஏறும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் தொட்டியின் கூரையில் சதுர மீட்டருக்கு 100 கிலோ மேல்நோக்கித் தள்ளும். மூடியின் ரப்பர் வளையம் அங்கேதான் தோற்கிறது. நிரப்பும்போது மூடியைத் திறந்தே வையுங்கள். பக்கச் சுவரில், உச்சியிலிருந்து நான்கு விரற்கடை கீழே, ஓர் அங்குலப் பந்து வால்வு (ball valve) ஒன்றைப் பொருத்தி, நிரப்பும்போது திறந்தும் ஓட்டும்போது மூடியும் வைத்தால், அதில் தண்ணீர் எட்டிப் பார்த்தவுடன் குழாயை நிறுத்திவிடலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. 750 லிட்டர் தண்ணீர் 750 கிலோ. தொட்டி, பம்பு, சட்டம், நீங்கள் எல்லாம் அதற்கு மேல். உங்கள் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் எடையோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். தொட்டியை ஐந்தில் நான்கு பங்கு நிரப்புவது காற்றுவழிக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது.

கேள்வி: ஐயா, நாங்கள் உறவினர்களாகச் சேர்ந்து ஆண்டுதோறும் வேனில் சமைத்துக்கொண்டே சுற்றுலா செல்கிறோம். பின் இருக்கைக்கு அடியில் 200 லிட்டர் தட்டைத் தொட்டி வைத்திருக்கிறோம். உயரம் 40 சென்டிமீட்டர். காற்றுக்காக மூடியில் துளையிட்டு, ஒரு விரல் தடிமனுள்ள ஹோஸை நழுவாமல் இருக்க ஒரு சாண் உள்ளே விட்டு, சன்னல் உயரத்துக்குத் தூக்கி, பிறகு வேனின் தரை வழியே வெளியே இறக்கியிருக்கிறோம். முழுத் தொட்டியோடு கிளம்பினால் சில நாட்களில் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் காணாமல் போகிறது. ஆனால் எப்போதும் பாதியோடு நின்றுவிடுகிறது. தொட்டியில் விரிசல் ஏதும் இல்லை. இந்த முறை ஊட்டிக்குப் போகிறோம். மலைப்பாதையில் ஹோஸை மடக்கிக் கட்டி அடைத்துவிடலாமா?
– குடும்பத் தலைவி, மதுரை

பதில்: அம்மா, "ஒரு சாண் உள்ளே விட்டு" என்று எழுதினீர்களே, விடை அந்த நான்கு சொற்களிலேயே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஹோஸுக்குள் ஏறிய தண்ணீர் எப்போதாவது ஒரு முறை உச்சியைத் தாண்டி மறுபுறம் இறங்கி, குழாயை நிறைத்துவிடுகிறது. வெளிமுனை தொட்டியைவிடத் தாழ்வாக இருப்பதால், அதன் பிறகு அது காற்றுக்குழாயாக இல்லை. பெரிய டிரம்மிலிருந்து வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்குவோமே, அந்தக் குழாயாக மாறிவிடுகிறது. மூடியின் திருகு வழியே காற்று கசிந்து வருவதால் ஓட்டமும் நிற்பதில்லை. உள்முனை தண்ணீரிலிருந்து வெளிப்பட்டுக் காற்றை உறிஞ்சும் வரை அது இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு சாண் என்பது 22, 23 சென்டிமீட்டர். உங்கள் தொட்டியின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். தண்ணீர் பாதியோடு நிற்பதன் மர்மம் அவ்வளவுதான்.

அதுமட்டுமன்று, இத்தனை நாளும் உங்கள் ஹோஸ் காற்றுவழியாக வேலை செய்யவே இல்லை. தண்ணீருக்குள் ஒரு சாண் மூழ்கிய முனை வழியே காற்று குமிழியிட்டு வருவதற்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் உறிஞ்சல் வேண்டும்; தொட்டியைக் காப்பாற்றியது சரியாகப் பொருந்தாத அந்த மூடிதான். நல்ல மூடியாக வாங்கி மாட்டியிருந்தால் தொட்டி ஒடுங்கியிருக்கும்.

செய்ய வேண்டியவை சில. ஹோஸைத் தொட்டிக்குள் விடாமல், மேற்சுவரில் ஒரு நிப்பிளைப் பொருத்தி, அதன்மேல் மாட்டிக் கிளிப் போட்டு முடுக்குங்கள். நிப்பிளின் அடிமுனை சுவரின் உட்புறத்தைவிட ஒரு விரலுக்கு மேல் தொங்கக் கூடாது. முக்கால் அங்குல ஹோஸுக்கு மாறுங்கள். ஒல்லிக் குழாய் எளிதில் தண்ணீரால் நிறைந்துவிடும், தடித்த குழாயில் தண்ணீர் ஓரமாக வழிந்து போகுமே தவிர அடைத்துக்கொள்வது அரிது. உச்சி வளைவில் மூன்று வாயுள்ள டீ (T) இணைப்பு ஒன்றை வைத்து, அதன் மேல்வாயை வலையிட்டுத் திறந்து விடுங்கள். தண்ணீர் எட்டிப் பார்த்தாலும், அந்த வாய் வழியே காற்று புகுந்து உறிஞ்சலை முறித்துவிடும். ஹோஸ் எங்கும் ஊஞ்சல்போலத் தொய்யாமல் கிளிப் அடித்துச் செல்லுங்கள். தொய்வில் தண்ணீர் தேங்கினால், 20 சென்டிமீட்டர் தொய்வுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ வீதம் மறுபடியும் உறிஞ்சல் கணக்கு தொடங்கிவிடும். வெளியே பார்ப்பதற்கு எல்லாம் திறந்திருப்பதுபோலவே இருக்கும்.

வெளிமுனையைத் தரை வழியே இறக்குவது எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்களோ அவ்வளவு காற்றை அந்த முனை உள்ளே இழுக்கிறது. சக்கரம் வாரியடிக்கும் புழுதியும் சைலன்சர் புகையும் இருக்கும் இடத்தில் அது இருந்தால், அவையும் குடிநீர்த் தொட்டிக்குள்தான் போகும். வேனின் பக்கச் சுவர் வழியே கூரைக்குச் சற்றுக் கீழே வெளியே எடுத்து, வாயைக் கீழ்நோக்கி வளைத்து விடுவதே சுத்தம். அப்படி எடுத்தால் உறிஞ்சல் குழாயாக மாறும் பேச்சும் எழாது, உச்சியில் டீயும் தேவைப்படாது.

மலைப்பாதையில் அடைக்கவே கூடாது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் தாண்டுவதற்குள் பூரிபோல உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் அடைத்த தொட்டி ஊட்டியில் அதே நிலையில்தான் இருக்கும்: சதுர மீட்டருக்கு 2,000 கிலோ. உங்கள் தட்டைத் தொட்டியின் மேற்புறம் அரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், அதன்மேல் ஒரு டன் வெளிநோக்கித் தள்ளும். அங்கே திறந்து, மறுபடி அடைத்துக்கொண்டு இறங்கினால், அதே ஒரு டன் உள்நோக்கி நசுக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றுவழி திறந்தே இருக்க வேண்டும். கொண்டைஊசி வளைவுகளில் சிந்துமே என்று கவலைப்படாதீர்கள். நீரில்லாத இடம் கொஞ்சம் விட்டு நிரப்பியிருந்தால், ஹோஸ் உச்சி சன்னல் உயரத்தில் இருக்கும்போது அவ்வளவு தூரம் தண்ணீர் ஏறாது. நீலகிரியில் பிளாஸ்டிக் குடிநீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால், இந்தத் தொட்டி உங்களுக்கு உண்மையாகவே பயன்படும்.

கேள்வி: சொட்டுநீர்ப் பாசனக் குழாயில் வைக்கும் ஏர் வால்வை, மருந்து கரைக்கும் தண்ணீர் ஏற்றிச் செல்லும் என் வண்டித் தொட்டியில் பொருத்தலாமா? உள்ளே மிதவை இருப்பதால் தண்ணீர் வந்தால் தானே மூடிக்கொள்ளும் அல்லவா? அது கிடைக்காவிட்டால் ஒருவழி வால்வு போதுமா?
– விவசாயி, உடுமலைப்பேட்டை

பதில்: உங்கள் யோசனை சரியான திசையில்தான் இருக்கிறது. காற்று வந்தால் திறப்பதும், தண்ணீர் வந்தால் மிதவை எழும்பி அடைப்பதும்தான் அந்த வால்வின் வேலை. ஆனால் அது பம்பின் அழுத்தம் இருக்கும் குழாய்க்காகச் செய்யப்பட்டது. மிதவையை ரப்பர் இருக்கையில் அழுத்தி இறுக்குவதற்குப் பல வால்வுகளுக்கு ஒன்றிரண்டு மீட்டர் தண்ணீரின் அழுத்தமாவது வேண்டும். வண்டித் தொட்டியில் கிடைப்பதோ அரை மீட்டருக்கும் குறைவு. ஆகவே பீய்ச்சுவது நிற்கும், சொட்டுவது நிற்காது. திருப்பூர் வாசகருக்குச் சொன்ன அகல அறையின் உச்சியில் இதை வைத்தால் அந்தச் சொட்டும் நின்றுவிடும். ஆனால் அறை இருந்தால் வால்வே தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம். அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. வெயிலில் நிற்கும் தொட்டியின் காற்று 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானாலே அதன் அழுத்தம் 6, 7 சதவீதம் கூடும். சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல். அந்தத் தள்ளலில் மூடி ஓரம் கசியும். இன்னொன்று: மருந்து கரைத்த தொட்டியின் காற்றுவழியை ஓட்டுநர் அறைப் பக்கம் திருப்பிவிடாதீர்கள், அந்தத் தொட்டியைப் பிறகு குடிநீருக்குப் பயன்படுத்தவும் வேண்டாம்.

கேள்வி: காற்றுக்குழாயை நடுவில்தான் வைத்திருக்கிறேன். தண்ணீர் குழாயின் வாய் வழியாக வரவில்லை. தொட்டியில் குழாய் நுழையும் இடத்தில் கசிகிறது. எம்-சீல் வைத்தேன், சிலிகான் பூசினேன். ஒரு வாரத்தில் உரிந்து வந்துவிடுகின்றன.
– சிற்றுண்டி வண்டி நடத்துபவர், திருச்சி

பதில்: முதலில், கசிவு அங்கேதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூடியில் கசியும் தண்ணீர் தொட்டியின் முதுகில் ஓடிவந்து நிப்பிளடியில் தேங்கி, பழியை அதன்மேல் போடுவதுண்டு. மேற்புறத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மூடியைச் சுற்றியும் நிப்பிளைச் சுற்றியும் சாக்பீஸ் தூளைத் தூவி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தூள் முதலில் எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் குற்றவாளி இருக்கிறான்.

நிப்பிள்தான் என்றால், பூச்சு எதுவும் உதவாது. தொட்டி பாலிதீன் வகைப் பிளாஸ்டிக். அதன் மேற்பரப்பு எதையும் ஒட்டவிடாது. சிலிகானும் எபாக்சியும் காய்ந்து இறுகினாலும் தோல்போல உரிந்துவிடும். இந்தப் பிளாஸ்டிக்கில் தண்ணீரை நிறுத்துவது ரப்பர் வாஷரின் நசுக்கல் ஒன்றே. ஆகவே அதற்கான இடத்தைச் சரிசெய்யுங்கள். வளைந்த இடத்திலோ தொட்டியின் பெயர் புடைத்திருக்கும் இடத்திலோ வாஷர் முழுவதும் படியாது. தட்டையான இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். காய்ச்சிய கம்பியால் போட்ட துளையின் விளிம்பு உருகித் தடித்திருக்கும், வட்டமாகத் துளை வெட்டும் ரம்பத்தால் (hole saw) வெட்டிய துளையே சுத்தமானது. வெட்டிய பிறகு பிசிறைக் கத்தியால் வழித்துவிடுங்கள். ரப்பர் வாஷர் நிப்பிளின் தலைப்பக்கம் இருக்கட்டும். நட்டுப் பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் நட்டைத் திருகும்போது ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு பிதுங்கும். டெஃப்லான் டேப் எல்போ திருகும் மரைக்குத்தான். நட்டு மரையில் சுற்றுவதால் பயனில்லை. கையால் இறுக்கி, அதன் பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவே. பாலிதீன் அழுத்தத்துக்குச் சற்றே இளகிக்கொடுக்கும் என்பதால், ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கசிந்தால், காரணம் குழாய் நெம்புகோலாக வேலை செய்வதுதான். வண்டி குலுங்கும்போது தொட்டி ஒரு பக்கம் அசைகிறது, சட்டத்தில் கட்டிய பி.வி.சி. குழாய் இன்னொரு பக்கம் அசைகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிப்பிள் தளர்கிறது. நிப்பிளுக்கும் குழாய்க்கும் இடையே அரை அடி நெகிழும் ஹோஸைக் கொடுத்துவிடுங்கள். பட்டறையில் வேலை கற்ற காலத்தில், ஒரே நிப்பிளை மூன்று முறை மாற்றிவிட்டு நான்காம் முறைதான் இதைப் புரிந்துகொண்டேன். வண்டிக்காரர் அந்த மூன்று முறையும் காசு கொடுத்தார் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

கேள்வி: ஸ்டீல் தகட்டில் 2,000 லிட்டர் தொட்டி செய்து தரும்படி ஒருவர் கேட்டிருக்கிறார். தளும்பலைக் குறைக்க உள்ளே இரண்டு தடுப்புத் தகடுகள் வைக்கிறேன். ஒரு காற்றுவழி போதுமா, மூன்று அறைகளுக்கும் மூன்று வேண்டுமா? வலை கட்டாயமா?
– பாடி கட்டும் பட்டறை, நாமக்கல்

பதில்: தடுப்புத் தகட்டை மேல்தகட்டோடு இடைவெளியின்றி வெல்டிங் செய்தால் மூன்று வேண்டும். அப்படிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு தடுப்பின் மேல்விளிம்பின் நடுவில் ஒரு கையளவும், கீழ் மூலைகளில் அதே அளவும் வெட்டிவிட்டால், மேலே காற்றும் கீழே தண்ணீரும் அறைக்கு அறை போய்வரும்; நடு அறையில் உள்ள ஒரே காற்றுவழி மூன்றுக்கும் போதும். மேல் வெட்டை மறந்துவிட்டால், நிரப்பும்போது ஓர அறைகளில் காற்று சிக்கிக்கொண்டு, 2,000 லிட்டர்த் தொட்டியில் சொன்ன அளவு தண்ணீர் பிடிக்கவில்லை என்று வாங்கியவர் உங்களிடம் வந்து நிற்பார். இந்த அளவுத் தொட்டியைப் பெரிய குழாயால் நிரப்புவார்கள் என்பதால், ஆள் இறங்கும் துளையின் மூடியை நிரப்பும்போது திறந்து வைக்க வேண்டும் என்று தொட்டியின்மேல் பெயின்ட்டில் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

வலை கட்டாயம். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நிற்கும் வண்டித் தொட்டியும் அதற்குப் பிடித்த இடமே. ஆனால் கொசு நுழையாத வலையில் புழுதியும் எளிதில் படியும். ஆகவே வலையைக் காற்றுவழியின் துளை அளவுக்கே வெட்டி ஒட்டாமல், அதைப்போல மூன்று நான்கு மடங்கு பரப்புள்ள கிண்ணம்போல அமைத்து, கையால் கழற்றும்படி வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறை கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டும்படி வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.